ஓதச் சுவரில் பாத்திக் துணி

அமலநாதன் மூன்று நாளாக மனைவியோடு பேசவில்லை. மூலக்குளத்து வாடகை வீட்டின் சுவர்களில் அகஸ்டினா துணிகளை மாட்டிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவாகப் பொறுக்கிய கண்ணாடிச் சில்லு பதித்த ராஜஸ்தான் துணி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் கழித்துப்போட்ட ஆப்பிரிக்கத் துணி, ஓதம் ஏறிய சுவரை மறைக்கப் பெரிய இந்தோனேசிய பாத்திக். "இது வீடா, சர்க்கஸ் கூடாரமா?" என்று கேட்டவன் அதோடு வாயை மூடிக்கொண்டான்.

அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் எழுதினாள்:

"என்னங்க, நான் கம்பெனிக்குப் போறேன். மீன் கொழம்பு சட்டியில இருக்கு. பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் வர்றாரு, பாத்திக்கைத் தூக்கி ஓதத்தைக் காட்டுங்க. கெளம்பும்போது சாவிய பக்கத்து வீட்டு ரூபிகிட்ட குடுங்க. வேணும்னா எல்லாத் துணியையும் கழட்டிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வரி உண்மையில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அடியில் இடுக்கி எழுதினாள்: "கண்ணாடித் துணிய மட்டும் பாத்துக் கழட்டுங்க. கையால தச்சது."

சாயங்காலம் ரூபியிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தவள் முதலில் சுவரைத்தான் பார்த்தாள். எல்லாத் துணியும் இருந்தது. பாத்திக் மட்டும் ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. தாளில் அவள் எழுத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்:

"ஓதத்தைக் காட்டிட்டேன். திங்கக்கெழம கொத்தனார அனுப்புறாராம். வீட்ட யாரு இப்பிடி அலங்காரம் பண்ணதுன்னு கேட்டாரு. என் பொண்டாட்டின்னு சொன்னேன். துணியத் திரும்ப மாட்டிட்டேன். நேரா இருக்கான்னு பாரு."

நேராக இல்லை. அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.