பெற்றோர் கையெழுத்துக்கு விட்ட இடம்

என் செல்ல மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமாக இருப்பதை உன் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துகொண்டேன், எழுத்து நேராக நிற்கிறது, சரியாகத் தூங்காத நாட்களில் உன் எழுத்து வலது பக்கம் சாய்ந்துவிடும். அப்பாவின் கடைவாய்ப் பல்லை ஒருவழியாகப் பிடுங்கியாயிற்று, மூன்று நாள் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டுக்காரிக்கு லாட்டரி அடித்துவிட்டது என்று ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். கடையில் பழைய மெஷின் தாளை மென்று துப்புகிறது, புதிது வாங்கலாம் என்றால் இதுக்கு என்ன குறைச்சல், என்னை மாதிரி பல்லுதானே போச்சு என்கிறார். பக்கத்து வீட்டுத் தையல் அக்கா உனக்கு இரண்டு முழுக்கைச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள், டீச்சர் ஆயிட்டா கரும்பலகையில எழுதக் கையத் தூக்கணும், அக்குள் தாராளமா விட்டிருக்கேன்னு எழுதுங்க என்றாள், எழுதிவிட்டேன்.

உனக்கு வேலை கிடைத்த செய்தியை நாலு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நீயே வகுப்பாசிரியை. கடைசி வரியில் கேட்டிருந்தாய், அம்மா உன்னோட வகுப்பு விதிமுறைத் தாளை அனுப்பு, முதல் நாளே எல்லாருக்கும் கொடுத்துடணும் என்று. அப்பாவுக்கு ஒரே பெருமை, டீச்சரம்மாவோட சட்டப் புத்தகம் எல்லை தாண்டப் போகுது என்று அன்றே ஒரு பிரதி எடுத்து உறையில் போட்டு ஒட்டாமல் வைத்துவிட்டார். அது மூன்று வாரமாக மேஜையில் கிடக்கிறது. நீ இரண்டு முறை போனில் கேட்டபோதும் தபால் ஆபீசில் கூட்டம் என்று சொன்னேன், அது பொய். எனக்குப் போனில் பேச வராது என்று உனக்குத் தெரியும், எழுதினால்தான் முழுதாகச் சொல்வேன். உனக்குத் தெரிந்ததையும் வரிசையாகத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனால்தான் தெரியாததற்கு வந்து சேர முடியும், பொறுத்துக்கொள்.

அந்தத் தாள் ஒரே பக்கம், பதினொரு விதி. போன் அணைத்துப் பைக்குள் இருக்க வேண்டும், கழிவறைக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான், மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்து வருகிறவர்கள் கடைசி வரிசை, வீட்டுப்பாடம் ஒரு நாள் தாமதமானால் பாதி மதிப்பெண், இப்படிப் போகும். அவற்றில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை, அப்படியே வைத்துக்கொள். நான் ஏன் தாளாக அடித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆசிரியர் அறையில் யாராவது நாற்காலியை நகர்த்தினால்கூட எனக்காகத்தான் நகர்த்துகிறார்களோ என்று எழுந்து நின்றுவிடுவேன். வகுப்பில் என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. தாள் தாண்டியது. பேசு என்றால் வாய் உலர்ந்துவிடும், எட்டாவது விதியைப் பார் என்று சொல்ல மட்டும் முடிந்தது. எட்டாவது விதி உனக்கு மறந்திருக்காது. தாளின் அடியில் வகுப்பாசிரியர் என்று ஒரு கோடு, பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கோடு, பெற்றோர் கோட்டில் மாணவரே கையெழுத்துப் போட்டால் ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே.

அந்த விதியை நான் பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினேன், நீ ஒன்பதாவதில் என் வகுப்பில் படித்தபோது உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுருட்டை மேல். முடி சீப்புக்கு அடங்காது என்று நீ வைத்த பேர்தான் அது, என் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அவளுக்கு வேறு பேர் இருந்ததாக நினைவில்லை. அவள் அம்மா ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை நாற்பத்திரண்டு தாளும் திரும்பி வந்தது. பெரியவர்கள் கையெழுத்துப் போடும்போது பார்த்துக்கூடப் போட மாட்டார்கள், சுவரில் வைத்தோ தொடையில் வைத்தோ ஒரே இழுப்பு. பெரியவர்கள் மாதிரி போடுகிற பிள்ளை மெதுவாகப் போடும், நடுவில் பேனாவைத் தூக்கும், அழுத்தும், தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டும். சுருட்டையின் தாள் தட்டியது. எல்லார் முன்னிலையிலும் கூப்பிட்டு இது உங்கம்மா கையெழுத்தா என்று கேட்டேன். ஆமா டீச்சர், எங்கம்மாவோடதுதான் என்றாள். பின்னாலிருந்து யாரோ, அவங்கம்மா கைநாட்டுடீ என்றாள், வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு நின்றால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. எட்டாவது விதி என்றேன். அவள் பேனாக்களை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்திப் பார்த்து, பிறகு போனாள். அன்று சாயங்காலம் நீ அடுக்களைக்கு வந்து, அம்மா அவங்கம்மாவுக்கு எழுதத் தெரியாதும்மா, அவங்க போடச் சொல்லித்தான் அவ போட்டா என்றாய். அது வகுப்பு விஷயம், வீட்டில் பேசக் கூடாது என்றேன். சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாய். அடுக்களையில் வைத்து நீ என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

ஒரு வாரம் முடிந்தும் அவள் வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று அவள் அம்மா கூடவே சலவைக் கூடத்துக்குக் கூட்டிப்போக, அங்கேயே ஒரு ஆள் குறைகிறது என்று நிறுத்திக்கொண்டார்களாம். நான் இரண்டு கடிதம் அனுப்பினேன். படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்ற வீட்டுக்கு, பெற்றோர் அவர்களுக்கு என்று உறையில் எழுதி அனுப்பினேன். என் படிப்பின் லட்சணம் அது.

இனி உனக்குத் தெரியாதது. கிட்டங்கியில் மூட்டை தூக்கிய உன் தாத்தாவை உனக்குத் தெரியும், அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பது தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி முடிகிற வரைக்கும் என் மதிப்பெண் அட்டையில், விடுப்புக் கடிதத்தில், எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தை நான்தான் போட்டேன். கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்னால் எழுதி எழுதிப் பழகினேன். நீயே போட்டுடும்மா, உன் கை வேற என் கை வேறயா என்பார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, இல்லை கண்டும் விட்டார்களோ என்னவோ, இத்தனை வருஷம் கழித்து அதைத்தான் அடிக்கடி யோசிக்கிறேன். சுருட்டையின் தாளைத் தடவியதும் எனக்குப் புரிந்ததற்குக் காரணம் அதுதான். மத்தியானம் பக்கத்து மேஜை கணக்கு டீச்சர், எப்படிப் பிடிச்சீங்க, கண்ணுல லென்ஸ் வச்சிருக்கீங்களா என்று கேட்டார், நான் சிரித்து வைத்தேன். அவளை விட்டிருந்தால் ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டிருப்பார்கள், அந்தக் கேள்வி நேராகக் கிட்டங்கி வரைக்கும் போய்விடும் என்று பயந்தேன். அப்பாவிடம்கூட இதை நேற்றுதான் சொன்னேன். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார், பல் வலியா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை அப்பாவிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் புதன்கிழமை இரண்டாவது பீரியடில் சுருட்டையின் அம்மா பள்ளிக்கு வந்தாள். சலவைக் கூடத்து நீலக் கோட்டோடு வந்திருந்தாள், ஓரமெல்லாம் ஈரம். பதினொன்றாவது விதி, பெற்றோர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டுமே ஆசிரியரைப் பார்க்கலாம், அதைத்தான் வாட்ச்மேன் அவளிடம் சொல்லியிருப்பார். அவள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று நம் கட்டிடத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தாள், எது என்று அவளுக்குத் தெரியாது. அவள் யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கையில் சாக்பீஸோடு இரண்டாவது மாடி ஜன்னலில் நின்று நான் பார்த்தேன். இரண்டு படிக்கட்டு இறங்கினால் போதும். நான் இரண்டடி பின்னால் நகர்ந்து, கரும்பலகையில் மிச்சப் பாடத்தை எழுதினேன். நீ சுவரோர வரிசையில் இருந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது. நான் எழுதியதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய்.

இந்த வருஷம் சுருட்டையின் தங்கை என் வகுப்புக்கு வந்திருக்கிறாள், அன்று அக்கா இடுப்பில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருக்குமே, அதுதான். எனக்கு அது முதலில் தெரியாது. தாள் திரும்பி வந்தபோது பெற்றோர் கோட்டின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. ரேகை என்று சொல்வதற்கில்லை, சோப்பிலும் வெந்நீரிலும் தேய்ந்த விரல், வெறும் நீலக் கறைதான். அதன் அடியில் ஒருத்தி எழுதியிருந்தாள், இது அம்மாவே வைத்த கைநாட்டு, அருகில் இருந்தது அக்கா, அக்கா எழுதியது இந்த வரியை மட்டும்தான் என்று. எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எட்டாவது விதியை நான் நீக்கவே இல்லையே. நீக்கினால் தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வருஷா வருஷம் அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவள் அதைப் படித்துவிட்டு, எனக்கு முன்னெச்சரிக்கையாகச் சாட்சி எழுதி அனுப்பியிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலவைக் கூடத்து வாசலை இரண்டு முறை தாண்டிப் போய் மூன்றாவது முறை நுழைந்தேன். உள்ளே ஒரே ஆவி, உருளைகளுக்கு நடுவிலிருந்து போர்வைகள் வந்துகொண்டே இருக்கின்றன. சுருட்டை இப்போது அங்கே மேற்பார்வையாளர், முடியைத் துணியால் கட்டி அடக்கியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் வாங்க டீச்சர் என்றாள், கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஜோடிப் பெண் சாப்பிடப் போயிருந்தாள், பேசணும்னா அந்த முனையப் பிடிங்க, மெஷின் நமக்காக நிக்காது என்றாள். பிடித்தேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இழுத்து உதறி மடித்து, மறுபடி இழுத்து. என் அப்பா கையெழுத்தை நான் போட்ட கதையை அப்படித்தான் சொன்னேன். அப்போ உங்களுக்குத் தெரிஞ்சே செஞ்சீங்க என்றாள். தெரிந்தேதான் என்றேன். டீச்சர், மூலையோட மூலை சேரணும், கோணலா மடிக்கிறீங்க என்றாள், ஏழெட்டுப் போர்வை மூலை சேர்த்து மடித்தோம். பிறகு சொன்னாள், அம்மா ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுட்டு உங்கள பாக்க வந்தாங்க, நான்தான் போடச் சொன்னேன்னு சொல்லணும்னு. மணி அடிக்கிற வரைக்கும் நின்னுட்டு வந்தாங்க. டீச்சர் பாத்திருந்தா இறங்கி வந்திருப்பாங்கடீ, அவங்க பாக்கலன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க என்றாள். என் கையில் போர்வையின் முனை இருந்தது. பார்த்தேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன், சொல்லவில்லை. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, தங்கச்சி நல்லாப் படிப்பா டீச்சர், அவள மட்டும் வெளியே அனுப்பிடாதீங்க என்றாள். உன்னைப் பற்றியும் கேட்டாள், டீச்சர் ஆயிட்டாளா, அவ அன்னிக்கே டீச்சர்தான், எனக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தது அவதான் என்றாள்.

அதனால் மேஜையில் கிடந்த உறையில் இருந்ததை எடுத்துவிட்டேன். எட்டாவதையும் பதினொன்றாவதையும் எடுத்துவிட்டு ஒன்பது விதியாகக் கையால் எழுதியிருக்கிறேன், இந்தத் திங்கட்கிழமை முதல் என் வகுப்பிலும் அதுதான். யார் வீட்டில் படிக்கத் தெரியாது என்று வகுப்பில் கேட்காதே, தாளைக் கொடுத்த முதல் வாரத்திலேயே மெதுவாகத் தெரிந்துகொள், முடிந்தால் நேரில் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வா. யாராவது கேட்டில் நிற்பது தெரிந்தால் பாடம் பாதியில் நின்றாலும் இறங்கிப் போ. வருகிற வெள்ளிக்கிழமை நான் மறுபடி போகிறேன், இந்த முறை சலவைக் கூடத்துக்கு இல்லை, அவர்கள் வீட்டுக்கு. அவள் அம்மாவிடம் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டேனா என்று சனிக்கிழமை போனில் கேள், என்னைச் சும்மா விடாதே.

உன் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகட்டும், எந்தத் தாளும் உனக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும், நூறு வயசு நன்றாக இரு. கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஆறு மாதமாகிறது, வகுப்பு தொடங்குவதற்கு முன் பார்த்துவிடு. உறைக்குள் இன்னொரு பழைய தாளும் வைத்திருக்கிறேன், அது நீ ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் திருப்பிக் கொடுத்தது. நாற்பத்திரண்டு பேரில் உனக்கு மட்டும் அது ஒரு நிமிஷ வேலை, வீட்டிலேயே நீட்டினாய், வீட்டிலேயே வாங்கிக்கொண்டேன். அடியில் உள்ள இரண்டு கோட்டையும் பார்.

பெற்றோர் என்ற இடத்திலும் வகுப்பாசிரியர் என்ற இடத்திலும் கையெழுத்துப் போட்ட,
உன் அம்மா