பதினேழு பின் குத்திய உறை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் வலது கை மட்டும் சற்று முரண்டு பிடிக்கிறது, அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆறு நாளும் என் மனதில் ஓடுகிற ஒரே எண்ணம். கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுவாய். செவ்வாய்க்கிழமை ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியின் நீராவி மூன்று விரலில் அடித்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, பத்து நாளில் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அக்கா, நான்தான் வாலு. வாய் அம்மாவுடையது, கை என்னுடையது. அம்மா பேசுவதை அப்படியே எழுதினால் பாதிக் கடிதம் "அது வந்து, அது வந்து" என்றே போகும், எது எப்போது வரும் என்று உனக்குத் தெரியாது. அதனால் கடிதத் தமிழில் இஸ்திரி போட்டு மடித்து எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சொந்தச் சரக்கு. கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு அடைப்புக்குறி தெரியாது. கண்ணாடி எங்கே என்று எனக்குத் தெரியாது. என் தலைமேல் இருப்பது யாருடையது என்றும் தெரியாது.)

ஃபோனில் சொல்ல வேண்டியதைத் தபாலில் அனுப்புகிறேன் என்று நினைக்காதே. ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று பன்னிரண்டு தடவை அடித்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியும், சாப்பிட்டாயா, தூங்கினாயா, இருமல் போயிற்றா, அவ்வளவுதான், அதற்குள் கடையில் ஆள் வந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மண்டபத்துக்கு வெள்ளிக்கிழமை போய்ப் பேசப் போகிறோம், நூறு பேர் உட்காரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நீ சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "ரெண்டு மாசமா நான் எழுதாத மாதிரியே பேசிட்டிருக்கியேம்மா. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு எழுதினேன்ல? அதைப் படிச்சிட்டு அப்படியே திருப்பி அனுப்பிட்ட. அதுவும் அத்தனை பின் குத்தி. அவ்வளவு கோபமா என் மேல? இனிமே எனக்கு ஃபோன் பண்ணாத" என்றாய். எழுதினாயா, எதை எழுதினாய், என்ன பின், என்று நான் கேட்பதற்குள் நீ வைத்துவிட்டாய்.

நான் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை கண்ணு. என்ன நடந்தது என்று ஆதியோடந்தமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. நீ லீவில் வந்திருந்த அந்த ஒன்பது நாளும் வீடு முழுக்கக் கல்யாணப் பேச்சுதான், அத்தை காலையில் வந்தால் சாயந்திரம் வரை நகர மாட்டாள், உன்னோடு தனியாக ஒரு டீ குடிக்கக்கூட எனக்கு நேரம் வாய்க்கவில்லை. கிளம்புகிற அன்று வாசலில் அந்தச் சாம்பல் நிறக் கோட்டை என் கையில் கொடுத்து, "அம்மா, இதை நீயே பாரு, வேற யார்கிட்டயும் குடுக்காத" என்றாய். காலரில் இருந்த காபிக் கறையைச் சொல்கிறாய் என்று நினைத்தேன், கம்பளித் துணி, மெஷினில் போட்டால் சுருங்கிவிடும், அதனால் கையால் பார்க்கச் சொல்கிறாள், சலவைக் கடைக்காரி மகள் இல்லையா என்று பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் வழக்கம்போல எல்லாப் பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்த்தேன். உள்பாக்கெட்டில் நாலாக மடித்த காகிதம். மேலே பெயர் இல்லை.

நம் கடையில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும். பாக்கெட்டில் கிடைப்பதைப் பிரிக்கக்கூடாது, உறையில் போட்டு, எந்தப் பாக்கெட் என்று மேலே எழுதி, இரண்டு பின் அடித்து, துணியோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். ஏன் அந்த வழக்கம் வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. நீ நாலாம் வகுப்புப் படித்தபோது கணக்கு வாத்தியாரின் பேண்டில் ஒரு சீட்டு இருந்தது, நான் பிரித்துப் பார்த்தேன், ஆஸ்பத்திரிச் சீட்டு, முக்கியமானது தொலைந்துவிடப் போகிறதே என்று துணி வாங்க வந்த அவர் மனைவியிடம் "சாருக்கு உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. நம் கவுன்ட்டர் முன்னாலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் பிறகு குணமாகி வந்தார், ஆனால் நம் கடைக்கு வரவே இல்லை. அன்றைக்கு முடிவு செய்ததுதான், துணியில் இருக்கிற கறை மட்டும்தான் நம்முடைய வேலை.

(அக்கா, அம்மா கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். மேலே எழுதியிருந்ததை எல்லாம் படித்துவிட்டு என்னை வெளுத்து வாங்கினாள், சலவைக் கடையில் அது இலவசம். அடுத்ததை நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. சொல்கிறேன். உறையில் பின் அடித்தது நான். அம்மா இரண்டு அடிக்கச் சொன்னாள். நீ ஊருக்குப் போகும்போது என் காலணிக் கயிற்றை நாற்காலியோடு கட்டிவிட்டுப் போனாயே, அதற்குப் பழி வாங்க வேண்டாமா? உறையைத் திறக்கும்போது உன் நகம் உடைய வேண்டும் என்று சுற்றிலும் அடித்தேன். மொத்தம் பதினேழு. பதினெட்டாவது அடிக்கும்போது ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துவிட்டது, இல்லாவிட்டால் இன்னும் போயிருக்கும். அதைப் பார்த்து அம்மா கோபத்தில் குத்தியதாக நீ நினைப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ சிரிப்பாய் என்றுதான் இரண்டு மாதம் காத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பி "என்ன பின்?" என்று என்னைக் கேட்டபோது எனக்குக் குதிகால் வரை வேர்த்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய மன்னிப்பை அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன். மன்னித்துவிடு அக்கா. இதில் விளையாட்டு இல்லை.)

அவள் செய்தது குறும்பு, நான் செய்தது அதைவிடப் பெரிய பிசகு. நம் கடை வழக்கம் தெரிந்தவள் ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தாள் என்று முதலில் எனக்கு உன்மேல் வருத்தம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். அம்மா எப்படியும் பாக்கெட்டைப் பார்ப்பாள் என்று உனக்கு உறுதியாகத் தெரியும், அந்த வழக்கம் ஊரார் துணிக்குத்தானே, சொந்தப் பெண் துணிக்கு இருக்குமா என்று நினைத்திருப்பாய். நான் உன்னையும் வாடிக்கையாளராக நினைத்து உறையில் போட்டு, கோட்டோடு பார்சலில் அனுப்பிவிட்டேன். அதோடு நிற்கவில்லை, ஞாயிறுதோறும் ஃபோனில் மாப்பிள்ளை வீட்டில் தேதி பார்க்கிறார்கள், மண்டபம் பார்க்கிறார்கள் என்று கதை வேறு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெண்ணின் காதில் அதெல்லாம் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீயும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாய். முன்பெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாய், பழைய சைக்கிள் வாங்கியது, முடியைக் குட்டையாக வெட்டிவிட்டு இரண்டு நாள் அழுதது, ஜன்னல் செடி பட்டுப் போனது, மேற்பார்வையாளர் வேலை உனக்கு வராமல் உன்னோடு சேர்ந்தவளுக்குப் போனது, காதுக் கருவி மாட்டியதும் ஒரு சின்னக் குழந்தை தன் சிரிப்பைத் தானே முதல் தடவை கேட்டுத் திடுக்கிட்டது. அந்தக் குழந்தையைப் பற்றி நீ சொன்ன அன்று நான் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். இரண்டு மாதமாக "ம்" மட்டும்தான். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். (ஊரார் காதை எல்லாம் பரிசோதிக்கிறவள் தன் கல்யாணத்தை நிறுத்துகிற விஷயத்தை மட்டும் காதும் காதும் வைத்த மாதிரி கோட்டுக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று நான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பா மட்டும் வேனைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.)

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் அவள், அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். "என்ன அண்ணி, விளையாடுறீங்களா? பல் டாக்டர், சொந்தமா கிளினிக், குணம் தங்கம். இதைவிட என்ன வேணும் அவளுக்கு? வேற யாராவது இருக்கானா?" என்று குதித்தாள். எனக்குத் தெரியாது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றேன். "நான் எந்த முகத்தோட அவங்க வீட்டுக்குப் போவேன்?" என்றாள். நீ போக வேண்டாம், என் முகத்தோடு நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே அங்கேதான் போனேன். (பல் டாக்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிக்கொள்ள முடியுமா அத்தை என்று நான் கேட்க நினைத்தேன், என்னைக் கூட்டிப்போகவில்லை.) விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பையனின் அம்மா "ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா மரியாதையா இருந்திருக்கும்" என்றார். நியாயம்தானே, நான் தலையைக் குனிந்துகொண்டேன், தவறு என்னுடையது, பெண் அப்போதே சொல்லிவிட்டாள் என்றேன். பையன் வாசல் வரை வந்து, "பரவாயில்லைங்க, அவங்ககிட்ட ஒண்ணும் கடுமையா பேசிடாதீங்க" என்றான். மண்டபத்துக்காரரிடம் அப்பா சொல்லிவிட்டார். ஆகவே அது முடிந்தது. வெள்ளிக்கிழமை எதுவும் நடக்கவில்லை, இனிமேலும் நடக்காது, யாரும் உனக்கு ஃபோன் செய்து புத்தி சொல்லக்கூடாது என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை, அது நாலு நாளில் சரியாகிவிடும்.

எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதலாம், எழுதினால் பொய். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் கடைக்கு வந்தவன் நான் தனியாகப் போர்வை மடிப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான், எட்டுப் போர்வையும் முடியும் வரை நின்றான். அதை நான் மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவன் வாசலில் நின்று சொன்னபோதும் அந்தப் போர்வைதான் நினைவுக்கு வந்தது, அடுத்த நாள் இஸ்திரிப் பெட்டியின் முன்னால் நின்றபோது புத்தி எங்கேயோ போனதும் அதனால்தான். ஆனால் போர்வை மடித்த பையனை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக நீ போய் ஒருவனோடு ஆயுள் முழுக்க இருக்க முடியுமா? என் வருத்தம் என்னுடையது, நீ அதைச் சுமக்க வேண்டாம். நாலு நாள் இருக்கும், போய்விடும்.

அப்பா தன் பங்குக்கு ஒன்று எழுதச் சொன்னார். என்ன என்று கேட்டால் அரை மணி நேரம் யோசித்துவிட்டு "சைக்கிளுக்கு முன் விளக்கு இருக்கான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன். இல்லாவிட்டால் உடனே வாங்கு. அங்கே குளிர் கூடுகிறதாமே, குளித்த ஈரத்தலையோடு சைக்கிளில் போகாதே. தங்கைக்கு இந்தப் பரீட்சையில் மூன்று பாடத்தில் நல்ல மார்க், நாலாவதைப் பற்றி அவளே எழுதட்டும். (இடம் போதாது.)

(அம்மா பேனாவைக் கேட்கிறாள் அக்கா. மீதியை இடது கையால் தானே எழுதப் போகிறாளாம், என்னைக் கடையைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறாள். எழுதியது வாலு.)

கண்ணு, இடது கை. கோணலாக வரும். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பையனைப் பற்றி ஐம்பது கேள்வி கேட்டேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், அதுவும் எல்லோருக்கும் முன்னால். நீ "உங்க இஷ்டம்" என்றாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பக்கத்தில் யாரும் இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன். தெரியவில்லை என்றாலும் சரி. ஃபோன் செய். பேச வரவில்லை என்றால் பேசாதே. நான் வைக்காமல் கேட்டுக்கொண்டே நிற்கிறேன். நூறு வயது நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா