கூடையில் தங்கிய தூள்

என் செல்லாயி கார்த்திகா,

நாளைக்கு உனக்குப் படையல். நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளையை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிட வேண்டும் என்று உன் பெரிய அத்தை சொல்லிவிட்டார். பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், கதம்பம் எல்லாம் வாங்கி ஓலைப்பெட்டியில் வைத்தாயிற்று. பாவாடை ரோஸ் கலர். நீ பார்த்திருந்தால், "இத யாரு போடுவா" என்று தூக்கி எறிந்திருப்பாய்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், சிரிக்காதே. நாளையிலிருந்து உன்னை "அடியே" என்று கூப்பிடக் கூடாதாம். சாமியை அப்படிக் கூப்பிட்டால் ஆகாதாம். அதனால் பேச வேண்டியதை இன்றைக்கே பேசிவிடுகிறேன்.

படையலில் உனக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

"கன்னிச்சாமிக்குக் கவிச்சி ஆகாது. சக்கரப் பொங்கலும் வடையும் போதும்" என்றார் அத்தை.

"அவ இனிப்பத் தொடமாட்டாளே அண்ணி."

"பிள்ளையா இருந்தப்ப தொடமாட்டா. இப்பத் தொடுவா."

உன் அப்பா எழுந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார். செத்துப்போனால் நாக்குமா மாறிப்போகும்? எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாவது முடித்ததும், புதுக்கோட்டையில் அந்த ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்றாய். அப்போதும் இந்த அத்தைதான் வாசலில் நின்று, "கோழி பொரிக்கிற கடைக்கா பொட்டப்பிள்ளய அனுப்புவாக?" என்று கேட்டார். "அத்த, அங்கன ஏசி இருக்கு. நீங்க வந்தா நானே கதவத் தொறந்து விடுறேன். காச மட்டும் நீங்க குடுத்துருங்க" என்றாய். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிவப்புச் சட்டையும் தொப்பியும் கொடுத்த அன்றைக்கு நீ சோறு தின்னவில்லை. கண்ணாடி முன்னாலேயே நின்றாய். அப்புறம் என்னைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தாய். நான் கஸ்டமராம்.

"வெல்கம் மேடம். என்ன சாப்புடுறீங்க?"

"எனக்கு ஒரு சொம்பு பழைய சோத்து நீச்சத்தண்ணி."

"அது ஸ்டாக் இல்லீங்க மேடம். வேற எதுவும் வேணுங்களா?"

"அப்ப ரெண்டு வெறகு எடுத்துட்டு வா."

"யம்மா, கஸ்டமரு இப்பிடியெல்லாம் கேக்கப்படாது. ஒழுங்கா கேளு."

அந்த "வேற எதுவும் வேணுங்களா"வை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாய். சொல்லும்போது தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டுமாம், முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டுமாம். கடையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். ஆட்டுக்குத் தழை போடும்போதுகூட அதனிடம் அப்படித்தான் கேட்டாய்.

வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உன் தலைமுடியில் எண்ணெய் வாசம் வரும். சோறு போடவா என்றால், கடையிலேயே சாப்பிட்டேன் என்பாய். என்னடி சாப்பிட்டாய் என்றால், "கடச் சாப்பாடுதான்" என்று படுத்துவிடுவாய். மழை விட்டதும் லீவு போட்டு என்னை அங்கே கூட்டிப் போவதாக இருந்தாய். மழை விடுவதற்குள் காய்ச்சல் வந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

நீ கடைசியாக ஆசைப்பட்டுத் தின்றது என்ன? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் போன வாரம் நானே கிளம்பிக் கடைக்குப் போனேன்.

கண்ணாடிக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை வந்து திறந்துவிட்டது. அதே சிவப்புச் சட்டை, அதே தொப்பி. "வெல்கம் மேடம்" என்றது. அதே ராகம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் கிட்டே வந்து, "நீங்க கார்த்திகா அம்மாவா? மூக்கு அப்பிடியே இருக்கு" என்றது. அதுதான் சரண்யா. பஸ்ஸில் உனக்கு இடம் போட்டு வைக்கும் என்பாயே, அந்தப் பிள்ளை. என்னை ஒரு ஓரமாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அவளுக்கு இங்க எது பிடிக்கும் தாயி?"

சரண்யாவுக்கு உடனே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்துவிட்டது.

"அவளுக்கா? பர்கர எடுத்தா ரொட்டியத் தனியாப் பிச்சு வச்சுருவா. கோழி பொரிச்சு எடுக்குற கூடையில தூள் தங்கும்மா. மாவு முறுகி, பொடிப்பொடியா. அத வழிச்சு வெள்ளப் பேப்பர்ல மடிச்சு வச்சுக்குவா. சாப்பாட்டு நேரத்துல அதத்தான் திம்பா. மேனேஜர் சார் சத்தம் போடுவாரு, 'குப்பையில கொட்டுறதத் திங்காத, ஒழுங்காச் சாப்பிடு'ன்னு. 'எங்கம்மா வடை சுட்டா நான் தூளுக்குத்தான் சார் காத்துக்கெடப்பேன், வடைக்கு இல்ல'ம்பா. அப்பறம் அவரு சொல்றத விட்டுட்டாரு."

எனக்குத் தெரிந்ததுதானே அது. அடுப்படியில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, கரண்டியில் தூளை அரித்து எடுக்கும் வரை கண்ணை எடுக்கமாட்டாய். சூட்டோடு தின்று நாக்கைச் சுட்டுக்கொள்வாய். எனக்குத் தெரிந்த பிள்ளையாகவேதான் அந்தக் கடையிலும் இருந்திருக்கிறாய். இதைக் கேட்கவா பஸ் ஏறிப் போனேன் என்று இருந்தது. கேட்டு வந்ததும் நல்லதாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அந்தப் பிள்ளை ஒரு வெள்ளைப் பேப்பரை மடித்துக் கையில் கொடுத்தது. "இது அவ மடிக்கிற பேப்பர்ம்மா." பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நம் ஊர் குடுமியான்மலை வந்தது எனக்குத் தெரியவில்லை, கண்டக்டர்தான் சத்தம் போட்டு இறக்கிவிட்டார்.

நீ போனதிலிருந்து நம் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. துக்க வீட்டில் வருஷம் முடியும் வரை பலகாரம் சுடக் கூடாது. தீபாவளிக்கும் பக்கத்து வீட்டு முறுக்குத்தான் வந்தது. நாளைக்குத்தான் முதன்முதலாகச் சட்டி வைக்கப்போகிறேன். தூளைப் பற்றி அத்தையிடம் சொன்னேன்.

"சாமிக்குத் தூளையா வைப்பாக? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணி."

கோழித் தூள் இல்லை, பருப்பு வடைத் தூள்தான். அதில் கவிச்சி கிடையாது, அத்தையும் ஒன்றும் சொல்ல முடியாது. சர்க்கரைப் பொங்கலை அவர் ஆசைக்கு இலையில் வைத்துக்கொள்ளட்டும். நீ அதை ஒதுக்கிவிடு, நான் கோபப்படமாட்டேன்.

எனக்கு உயிர் இருக்கிற வரை வருஷா வருஷம் உனக்கு நானே வடை சுடுவேன். சட்டியில் உதிரும் தூளை ஒரு பொட்டு சிந்தாமல் அரித்து, சரண்யா கொடுத்த பேப்பர் மடித்திருக்கிற மாதிரியே ஒரு வெள்ளைப் பேப்பரில் மடித்து, ரோஸ் பாவாடைக்குப் பக்கத்தில் வைப்பேன். ஊருக்கு நீ சாமியாக இரு. எனக்கு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறவளாக இரு.

வைத்துவிட்டு, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்பேன். முகத்தில் சிரிப்பு வருமா என்று தெரியவில்லை.

அடியே, வேற எதுவும் வேணுமா?

உன்னைப் பெத்த அம்மா