மாப்பிள்ளையின் தட்டணுக்கள்

5 ஜூன் 1996, புதன்

வெயில். ஆய்வகத்து மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.

செய்ய வேண்டியவை: கண்ணாடிக் குழாய்கள் கழுவ. மிஷினின் பதிவுப் பேனாவுக்கு மை. மாத்திரை போடாத ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க.

கடைசி வேலைதான் நடக்கிற வழியைக் காணோம். அட்டெண்டர் மைக்கேல் அண்ணனிடம் கேட்டேன்.

“மாத்திரையா? பழக்கமே இல்லத்தா. தலவலிக்கு மட்டும் தெனம் ஒண்ணு, டீயோட.”

காரைக்குடியில் எல்லாருக்கும் இப்படித்தான் பழக்கமில்லை. பெட்டிக்கடையில் பாக்குக்குப் பக்கத்தில் ஆஸ்பிரின். ஒன்று விழுங்கினாலும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மந்தமாகிவிடும்; அவை செத்துப் புதியவை வரும்வரை, பத்து நாள், என் சோதனைக்கு ஆகாது.

மாதக் கடைசியில் மதுரையிலிருந்து கைடு வருகிறார். ஆரோக்கியமான ரத்தத்தில் ஒரு வரைபடம் வேண்டும். இல்லாவிட்டால் தீசிஸ் அடுத்த வருடம். தட்டணுக்களைத் தூண்டும் கொலாஜன் புட்டியில் இருப்பதோ இரண்டு சோதனைக்கு மட்டும்.

8 ஜூன், சனி

நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெயர் அருள்தாஸ். தேவகோட்டை, விவசாய ஆபீஸ் வேலை. அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்தாயிற்று. எனக்கு ஒரே யோசனை: புது ஆள், புது ரத்தம்.

9 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வந்தார்கள். அருள்தாஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். “மாத்திரை ஏதும் போடுவீகளா?”

காபி குடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவுக்குப் புரை ஏறியது. அருள்தாஸ் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அம்மா: “எங்க பையன் பொறந்ததுலருந்து மாத்திரையே தொட்டதில்லத்தா. இரும்பு மாதிரி ஒடம்பு.”

அவர் அதிரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகப் பேச விட்டபோது ரத்தம் கேட்டேன். “எவ்வளவு வேணும்?” என்றார், கடைக்காரர் மாதிரி. பிடித்திருந்தது.

11 ஜூன், செவ்வாய்

அருள்தாஸ் அரைநாள் லீவு போட்டு வந்தார். மைக்கேல் அண்ணன் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், முகம் வெளுப்பு.

கொலாஜன் தடவிய கண்ணாடித் துண்டில் தட்டணுக்கள் அருமையாக ஒட்டின. மிஷினில் கொலாஜன் விட்டேன். எல்லாம் ஒன்றுகூடி, பேனா சரசரவென்று நகர வேண்டும். வந்ததோ நேர்க்கோடு. பெயருக்கு ஒரு சின்ன நெளிவு.

 தட்டணுவில் கொலாஜனுக்கு இரண்டு ஏற்பிகள் என்று இப்போது சொல்கிறார்கள். ஒன்று பிடித்துக்கொள்ள. மற்றது உள்ளே செய்தி சொல்லி, மற்ற தட்டணுக்களையும் கூப்பிட வைக்க. இவருடையது ஒட்டுகிறது, கூப்பிடவில்லை. அப்படியானால் இரண்டாவது ஏற்பியே இல்லாதவர். உலகத்தில் இப்படி விரல்விட்டு எண்ணத்தான் ஆள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா: “பையனப் பிடிச்சிருக்காடி?”

“ரொம்ப. அவுக ரத்தத்துல ஒண்ணு இல்ல போலருக்கும்மா.”

சொல்லியிருக்கக் கூடாது.

12 ஜூன், புதன்

அம்மா அழுகை. அப்பா செபமாலையோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடை. வேறு இடம் பார்க்கலாமாம். விடமாட்டேன் என்றேன். இந்த மாதிரி ரத்தம் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்? அதையும் சத்தமாகவே சொன்னேன். சித்தப்பா எழுந்து போய்விட்டார்.

கைடுக்கு எஸ்.டி.டி. போன் போட்டேன். முழுவதும் கேட்டார்.

“ஆஸ்பிரின் போட்டாலும் இப்படித்தான்மா வரும். ஒட்டும், சேராது. அவர்ட்ட கேட்டியா?”

“அவுக அம்மா சொன்னாக சார்.”

“மாப்பிள்ள வீட்டு அம்மா சொன்னத வச்சா தீசிஸ் எழுதப்போற?”

போனை வைத்துவிட்டார். பெண் பார்க்கிற இடத்தில் மாத்திரை பற்றிக் கேட்டால் எந்த அம்மாதான் ஆமாம் என்பாள்? தலைவலி என்று சொன்னால் ஊரில் அதைத் தீராத வியாதி ஆக்கிவிடுவார்கள். எம்.எஸ்ஸி. படித்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

அருள்தாஸின் ஆபீசுக்கும் போன் போட்டேன். நேரடியாகவே கேட்டேன். அவர் மெதுவாக: “பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தி ரெண்டு. ரத்தம் குடுத்த அன்னைக்குக் காலைல ஒண்ணு. பயத்துல தல பொளந்துருச்சு. அம்மா சொன்னப்பறம் என்னத்தச் சொல்ல?”

அபூர்வ மனிதர் போய்விட்டார். தலைவலிக்காரர் மட்டும் மிச்சம். உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். “வெறும் தலவலியா?” உடனே மீன் வாங்க ஆள் அனுப்பினாள்.

16 ஜூன், ஞாயிறு

புழுக்கம். அருள்தாஸுக்கு இன்னொரு தடவை போன் போட்டு ரத்தம் கேட்க ஆசை. கேட்கவில்லை. தோதான வேறு ஆளும் கிடைக்கவில்லை. பங்குச்சாமியார்கூட மாத்திரை.

22 ஜூன், சனி

காலையிலேயே ஆய்வக வாசலில் அருள்தாஸ். நான் கூப்பிடவில்லை. கண் சிவப்பு, நெற்றியில் கைக்குட்டைக் கட்டு, அடியில் தைல வாசனை. நாட்டு வெடி போட்டாலும் தலை திரும்பாது என்கிற மாதிரி நின்றார்.

“ரத்தம் குடுத்ததுக்கப்பறம் பதினோரு நாளா ஒண்ணுகூட போடல. எடுத்துக்கங்க.”

“இது யாரு சொல்றது, ஒங்க அம்மாவா?”

“நானேதாங்க சொல்றேன்.”

கடைசிச் சொட்டுக் கொலாஜன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மைக்கேல் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பேனா கிளம்பியது, சரசரவென்று, தாளின் விளிம்புவரை. சாதாரணமான, எந்தப் புத்தகத்திலும் இருக்கிற வரைபடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்லாயிருக்கா?” என்றார்.

“ரொம்ப சாதாரணமா இருக்கீக.”

சிரிக்கப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்கடைக்கு நானே போய் ஒரு மாத்திரை வாங்கிவந்து கொடுத்தேன்.

கல்யாணத்துக்குச் சரி என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. வரைபடத் தாளில் ரத்தம் கொடுத்தவர் பெயர் கூடாது, எண்தான் போட வேண்டும். அவர் பெயரை எழுதியிருக்கிறேன், பேனா மையில். கைடு வருவதற்குள் சுரண்ட வேண்டும்.