உப்புப் பூத்த சுவர்

2009 ஜூன், வியாழன் இரவு

கலியாணத்துக்கு மகளுக்குக் கொடுக்கிற வீட்டின் முன்னறைச் சுவர் இன்று என் மானத்தை வாங்கியது. சுனாமியில் கடல் வந்து நின்ற உயரம் வரைக்கும் அதில் இன்னும் உப்புப் பூக்கிறது. சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் பெயின்டுக்கு முந்திய பட்டி மாவைப் பூச வேண்டும் என்று பெயின்ட் கடைக்காரர் சொன்னார். எட்டாம் வகுப்பு வரை படித்த எனக்கு அவர் புத்தி சொல்வதா? நேற்று ஈரத்தின் மேலேயே பூசினேன். காலையில் பார்த்தால் பட்டி பப்படம் போலப் பொங்கி விழுந்து கிடக்கிறது.

நாளை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள்.

"அலுமாரிய இழுத்து மறைப்பமா?" என்றேன்.

"ஒங்களயும் சேத்து மறைக்கோணும்" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வாப்பா ஒரு நாள் முந்தியே வந்து நின்றார். தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு ஸலாம் சொன்னேன். அவர் சுவரைத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எங்கட ஊட்டுலயும் இதே உயரம்தான் மச்சான். மூணு தரம் பூசி மூணு தரமும் உரிஞ்சிட்டு. பூச்ச ஒடச்சிக் கல்லக் காயவிடுங்க. புள்ளைகள் பெயின்டயா கலியாணம் முடிக்கப் போகுதுகள்?"

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு என் சுரண்டியை வாங்கினார். அஸர் தொழுகை நேரம் வரைக்கும் இருவரும் சுரண்டினோம். கடல் வந்த அன்று யார் யாரை இழந்தோம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கலியாணத்தன்று அந்தச் சுவர் வெறும் கல்லாகத்தான் நிற்கும். நிற்கட்டும்.

என் சாரனில் ஒட்டிய பட்டி இனிப் போகாதாம், மனைவி சொல்கிறாள். அவருடைய சாரனிலும் அதே கறைதான். அல்ஹம்துலில்லாஹ்.