கர்னல் நம்பிய சக்தி

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. என்னைத் திட்டுகிற குரலும் குறையவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பத்திரிகையில் அண்ணனைப் பற்றிய செய்தி வருகிறது. உங்களிடம் சொல்லியிருந்ததுபோல் அவன் ராணுவ ஸ்டோரில் வேலை பார்க்கவில்லை. அடுத்தவர் கையிலிருக்கும் படத்தைப் பார்க்காமலே சொல்லும் ஆட்களைத் தேடி, ராணுவம் ரகசியமாக ஒரு பிரிவு நடத்தியது. எதிரியின் கப்பலை அறைக்குள் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று ஆசை. அந்தக் கோப்பு இப்போது என்னிடம் இருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு சக்தியும் கிடையாது. அந்தப் பிரிவை நடத்திய கர்னல் எதிரே உட்கார்ந்து படத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடிப்பார். அவர் மூக்குக்கண்ணாடியில் படம் தெரியும். லீவில் வந்தபோது, "கண்ணாடி தூசியா இருக்கிற அன்னைக்கு மட்டும் என் சக்தி குறையுது" என்று சொல்லிச் சிரித்தான். "அப்படியே ஓட்டுண்ணா, எல்லைக்காவது போகாம இருப்ப" என்று சொன்னது நான்தான்.

பிறகு கர்னல் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். கண்ணாடி போனது. அண்ணன் சொன்னதெல்லாம் தப்பானது. போன சக்தியை வரவழைக்க ஊசி போட்டார்கள், தூங்க விடவில்லை. அவன் உண்மையைச் சொல்லி அழுதிருக்கிறான். "சக்தியை மறைக்கப் பொய் சொல்கிறான். மருந்தின் அளவைக் கூட்டவும்" என்று கர்னல் எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள் அண்ணன் செத்தான்.

போன வாரம் அந்த ஆளைப் பார்த்தேன். தோட்டத்தில் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்தார். "உன் அண்ணன் அபூர்வப் பிறவிம்மா" என்றார். கத்தரிக்கோலைப் பிடுங்கக் கை துடித்தது. வேண்டாம் அண்ணி. அவர் பேரப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அவர் பெயரைப் போடப்போகிறேன். அவர் ரொம்ப நாள் உயிரோடு இருக்கட்டும்.

ஒன்றுதான் இடிக்கிறது. அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே மனநிலை சரியில்லாதவன் என்ற தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். போட்டால்தான் உடலைத் தருவோம் என்றார்களாம், அம்மா சொன்னாள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கர்னலின் வக்கீல் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவான். மிரட்டி வாங்கினார்கள் என்று உங்கள் கையால் நாலு வரி எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

ஏன் எழுதிக் கொடுத்தாய் என்று யாராவது கேட்டால், நாத்தனார் தொல்லை தாங்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதை எல்லோரும் நம்புவார்கள்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். அப்பா பைத்தியம் என்று பாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தால், அந்த நாலு வரியை எனக்கு அனுப்புவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள்
நாத்தனார்