மேசை இருக்கிறது, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நம் பனி ஊருக்கு வந்தபோது, ஜூசிபி அண்ணன் கடல்நாய் வேட்டையாடியதையும் அதை எல்லோரும் தின்றதையும் படமெடுத்தேனே, அவற்றை நான் வேலை செய்யும் பத்திரிகையில் கொடுத்தேன். தரையில் அட்டை விரித்து எல்லோரும் இறைச்சி தின்னும் படத்தைப் பார்த்த பத்திரிகை ஆசிரியை, “ஐயோ பாவம், ஒரு மேசை வாங்கக்கூட வழியில்லையா?” என்றாள். படத்தின் கீழே ‘வறுமை’ என்றும் எழுதிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மேசை இருக்கு! அதுல ஆறு பேர்தான் உட்காரலாம். அண்ணன் வேட்டை கொண்டுவந்தா ஊரே சாப்பிட வரும். அந்த வார்த்தையை எடுங்க, இல்லைன்னா படத்தைத் திருப்பிக் கொடுங்க!” என்று கத்தினேன். வேலை போனால் போகட்டும்.

விமானத்தில் யாராவது இங்கே வந்தால் உறைந்த இறைச்சி கொஞ்சம் கொடுத்தனுப்பு. என் அறையிலும் மேசை இருக்கிறது அம்மா, நாற்காலிதான் ஒன்றே ஒன்று.

அவசரமாக,
உன் மகள் ஊலீபிகா